மேற்பார்வை: குத்தாலிங்கம், பதினாலு, மேட்டுத்தெரு

சரணடைவதற்காக ஒரு சேனை எங்கள் ஊருக்கு வந்தபோது காலை பத்தேகால் இருக்கும்; தாலுகா ஆபீஸில் மணி அடித்தாகிவிட்டது, தாசில்தார் இன்னும் வரவில்லை, தபால் பிரிவில் நான் கோந்து டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், அப்போது மேற்கே புளியமரச் சாலை வழியாக, மூன்று மூன்று பேராக, தோளில் துப்பாக்கியும் காலில் எங்கள் பக்கத்து மண்ணாக இல்லாத ஏதோ ஒரு கறுப்புச் சேறுமாக, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் நடந்து வந்து, தேரடி முக்கில் நின்று, வாழைக்காய் விற்றுக்கொண்டிருந்தவளிடம் ஒரு காகிதத்தைக் காட்டி, மேட்டுத்தெரு பதினாலாம் நம்பர் எது என்று சைகையில் கேட்டார்கள். அவள் கையை நீட்டி வழி காட்டினாள். யுத்தம் முடிந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

எந்தத் தேசத்துச் சேனை என்று கேட்பீர்கள். தோற்ற தேசம், கடலுக்கு அப்பால். அதன் பெயரை எங்கள் தேரடிக்குறிச்சியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், எல்லாமே தப்பு, அதனால் நான் சொல்லப்போவதில்லை. நானும் மேட்டுத்தெருதான், ஒன்பதாம் நம்பர். எதையும் குடைந்து கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று என் வீட்டில் ஏசுவார்கள். ஆகவே கோந்து டப்பாவை அப்படியே போட்டுவிட்டு நானும் அவர்கள் பின்னால் போனேன்.

பதினாலாம் நம்பர் குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வீடு. தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சாய்வுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் காணாமல்போன மாட்டுக்கும் மனு எழுதிக் கொடுப்பவர் அவர். அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருந்தார். வாசலுக்கு வந்து பார்த்தார். தளபதி மாதிரி இருந்த நெட்டையான மனிதர் தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தை நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற என்னிடம், "என் எழுத்துல்லா இது" என்றார். உட்கார இடம் தேடினார்.

அந்தக் கடிதத்தின் சங்கதி இது. யுத்தத்தின்போது அண்ணாச்சி பட்டாளத்தில் எழுத்தராக மூன்று வருஷம் ஒரு காட்டில் இருந்தார். ஓயாத மழையில் டைப்ரைட்டருக்குள் பூஞ்சை பூத்து எழுத்துகள் எழும்பாமல் போன சமயத்தில், எதிரிச் சேனையில் ஒரு பிரிவு காட்டுக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது, உங்கள் தேசம் தோற்றுவிட்டது, வீணாகச் சாகாமல் சரணடையுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிப் போடு என்று வெள்ளைக்கார மேஜர் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். வழக்கமான நிபந்தனைகளைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு மேஜர் சவரம் செய்துகொள்ளப் போய்விட்டார். வழக்கமான நிபந்தனைகள் என்னவென்று அண்ணாச்சிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மனு. இங்கிலீஷில் எழுதினாலும் மனுவாகத்தான் எழுதினார். இடது மூலையில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், நடுவில் பொருள். சர்க்காரிடம் எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கொடுக்காதே என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன பழக்கத்தில், ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்வரை ஆயுதங்களைக் கீழே வைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி எழுதிவிட்டார். ஏற்றுக்கொண்டதும் உணவு தரப்படும் என்றார். ஒவ்வொருவரும் வீடு போய்ச் சேர நான் பொறுப்பு என்றார். மன்றாட்டு ஒரு வரியாவது இல்லாத மனு மனுவே இல்லை என்பது அவர் கட்சி, அதனால் கடைசியில், வீட்டில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று சேர்த்தார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அனுப்புநர் இடத்தில் மேஜரின் பெயரை எழுதியவர், விலாசத்துக்கு வந்தபோது யோசித்தார். முகாம் இருக்கும் இடம் பரமரகசியம், காட்டுக்கு விலாசமும் கிடையாது. விலாசம் இல்லாதவர்களுக்கு, குடிசை பிடுங்கப்பட்டவர்களுக்கு, ஊர் ஊராகப் போகும் வண்டிக்காரர்களுக்கு, பதில் வந்தால் வாங்கிவைத்துக் கொடுப்பதற்காகத் தன் வீட்டு விலாசத்தையே போட்டுக் கொடுப்பது அண்ணாச்சியின் பல வருஷத்து வழக்கம். கை தானாக எழுதியது. மேற்பார்வை: சு. குத்தாலிங்கம், பதினாலு, மேட்டுத்தெரு, தேரடிக்குறிச்சி. மேஜர் கீழே மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை ஒரு தகரக் குழாயில் அடைத்து விமானத்திலிருந்து போட்டார்கள். அது ஒரு மரத்தின் உச்சியில் சிக்கிக்கொண்டு பதினோரு வருஷம் இருந்தது. அந்த மரம் விழுந்த அன்று, அதன் அடியிலேயே ஒளிந்திருந்த சேனை, கடிதத்தைப் படித்து, விலாசத்தைப் பார்த்து, நடக்கத் தொடங்கியது.

நடுவில் கடல் இருக்கிறதே, அதை எப்படித் தாண்டினீர்கள் என்று பிறகு ஒருநாள் நான் தளபதியைக் கேட்டேன். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை, இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் பேச்சாகிவிடும். அவர் கேள்வியே புரியாதவரைப் போல என்னைப் பார்த்து, "விலாசம் இருந்ததே" என்றார்.

மேட்டுத்தெருக்காரர்கள் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆவுடை மதினி, அண்ணாச்சியின் சம்சாரம், நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "சாப்ட்டீயளா?" என்றுதான் கேட்டாள். தளபதி கடிதத்தில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். ஏற்றுக்கொண்ட பிறகுதான் உணவு. அதுவரை அவர்கள் உட்காரவும் மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள், துப்பாக்கியைக் கீழே வைக்கவும் மாட்டார்கள். தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் சின்ன வயசு. மரத்தடியில் ஒளிந்த அன்று என்ன வயசோ அதே வயசு.

முதல் இரண்டு நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. பெண்கள் வாசல் தெளிக்கும்போது பூட்ஸில் தண்ணீர் படாமல் தெளித்தார்கள், கோலத்தைப் பூட்ஸைச் சுற்றி வளைத்துப் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவதி இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே கயிறு கட்டிச் சேலை காயப்போட்டாள், அந்த இரண்டு பேரும் சேலை காயும்வரை அசையாமல் நின்றார்கள். ஏழாம் நம்பர்க்காரர் தன் ஆட்டை ஒரு சிப்பாயின் காலில் கட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தார். தெருவில் இத்தனை காவல் இருந்ததே இல்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

தப்பு நடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் இட்லிக் கடை ராமலச்சுமி. சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு காலையில் ஆட்டினபடியே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. உளுந்தை மாற்றினாள், பானையை மாற்றினாள், மருமகளை ஏசினாள். பிறகு பக்கத்து வீட்டில் கேட்டால் பால் உறைகுத்தித் தயிராகவில்லை. எதிர் வீட்டில் செவ்வாய்க்கிழமை சூடிய மல்லிகை அடுத்த செவ்வாய்க்கிழமையும் மொட்டவிழ்ந்த மணத்தோடு தலையில் இருக்கிறது. எனக்குச் சவரம் செய்ய வந்தவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு மழிச்சது அப்படியே இருக்கு, நான் என்னத்தச் செரைக்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சூரியன் அதுபாட்டுக்கு வந்தது, அதுபாட்டுக்குப் போனது, ஆனால் எங்கள் தெருவில் எதுவும் புளிக்கவில்லை, எதுவும் பழுக்கவில்லை, எதுவும் வாடவில்லை. அவர்கள் இன்னும் சரணடையவில்லை, அதனால் அவர்களுக்கு யுத்தம் முடியவில்லை. யுத்தம் முடியாததால் அந்த நாள் முடியவில்லை. முடியாத அந்த நாளைத்தான் காட்டிலிருந்து தோளில் சுமந்துகொண்டு வந்து எங்கள் தெருவில் இறக்காமல் நிற்கிறார்கள் என்று தெருவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. இட்லிக்குப் பதில் உப்புமா என்றால் சமாளித்துவிடலாம். பூ வாடவில்லை என்று பூக்காரி தவிர யாரும் அழவில்லை.

ஆனால் ஆவுடை மதினிக்கு நாள் தாண்டிவிட்டது. கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் தங்கின முதல் பிள்ளை. மருத்துவச்சி முத்துப்பேச்சி தினமும் காலையில் வந்து வயிற்றில் கைவைத்துப் பார்ப்பாள். ஒன்பதாம் நாள் அவள் கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்துவிட்டு, வெளியே வந்து அண்ணாச்சியிடம் சொன்னாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. உசுரு நல்லாத்தான் துடிக்கி. ஆனா அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு, தலைகூடத் திரும்பல. இந்தக் கூட்டம் இங்க நிக்க வரைக்கும் அது பெறக்காது, எழுதி வச்சுக்கிடுங்க."

அன்றைக்கே மதினியை மாட்டுவண்டியில் ஏற்றி, கீழத்தெருவில் அவள் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் சேனையின் வரிசையும் வளைந்து, ஒரு சத்தமில்லாமல், மரியாதையாகப் பத்தடி தள்ளி, வண்டிக்குப் பின்னாலேயே போனது. கடிதத்தில் எழுதியிருக்கும் வீட்டார் எங்கேயோ அங்கேதானே அவர்கள் நிற்க முடியும். மறுநாள் கீழத்தெருவிலும் மாவு புளிக்கவில்லை. கீழத்தெருக்காரர்கள் எங்களைப் போலப் பொறுமைசாலிகள் இல்லை. மதினி வண்டியேறித் திரும்பி வந்தாள், சேனையும் திரும்பி வந்தது.

அண்ணாச்சி தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். மனு எழுதினார். மேற்படி சேனையின் சரணடைதலைச் சர்க்கார் தயவுசெய்து ஏற்றுக்கொள்ள வேண்டி. தாசில்தார் வரதராஜுலு அதை மூன்று தடவை படித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் படிவம் இல்லாத காரியத்தில் கையெழுத்துப் போட மாட்டார். "வெள்ளத்துக்குப் படிவம் இருக்கு, வெட்டுக்கிளிக்குப் படிவம் இருக்கு, சரணடையறதுக்கு எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டு, மேலே அனுப்பினார். மேலேயிருந்து எட்டாம் நாள் பதில் வந்தது, நான்தான் உறையைப் பிரித்தேன். மேற்கண்ட யுத்தம் தொடர்பான கோப்பு முடித்துவைக்கப்பட்டுவிட்டபடியால் மேற்கண்ட சேனை இருப்பதற்கில்லை. தாசில்தார் ஜன்னல் வழியாக மேட்டுத்தெருப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்து, "கடுதாசியில யார் விலாசம் இருக்கோ அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் இதைச் சொல்லவும் இல்லை" என்றார்.

தெரு முழுக்க அன்று பதினாலாம் நம்பர் வாசலில் கூடியது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிடும் என்றார்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்றார்.

"நான் எழுதுதவன். சொல்லுதவன் இல்ல. இருவது வருசமா எழுதுதேன், ஒரு காயிதத்துலயும் அடியில என் கையெழுத்து கிடையாது. வீடு போய்ச் சேர நான் பொறுப்புன்னு மேஜர் பேர்ல எழுதிட்டேன். அந்த மேஜர் ஊருக்குத் திரும்புத கப்பல்லயே செத்துப்போனான். இப்ப என் பேரைப் போட்டா, அது நான் சொன்ன சொல்லாயிரும். முன்னூறு பேரை எப்படிவே நான் வீடு சேக்க?"

இது பாதிதான். மீதியைத் தளபதி அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த கணமே அந்தப் பழைய நாள் முடியும். முடிந்தால் நின்றுபோன பதினோரு வருஷமும் மொத்தமாக அவர்கள்மேல் வந்து இறங்கும். காட்டில் காய்ச்சல் இருந்தது, பசி இருந்தது, பாம்பு இருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் எங்களில் யார் யார் செத்துப்போனோம் என்று எங்களுக்கே தெரியாது, சீட்டு வந்தால்தான் தெரியும் என்றார் தளபதி. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டால் பிள்ளை பிறக்கும், வரிசையில் நிற்கிற பையன்களில் எத்தனையோ பேர் இல்லாமல் போவார்கள். போடாவிட்டால் எல்லோரும் நிற்பார்கள், பிள்ளையும் உள்ளேயே நிற்கும். அண்ணாச்சி நான்கு நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. வேப்பமரத்தடிக்கும் போகவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஆவுடை மதினி, கணவரிடம் எதுவும் கேட்காமல், தெருவில் இறங்கி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நடக்கவே சிரமப்படுகிறவள், ஒவ்வொருவன் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, "ஒனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பாஷை தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவன் இடுப்பளவு கையைக் காட்டித் தங்கச்சி என்றான். ஒருவன் இல்லாத தாடியைத் தடவி அப்பா என்றான். ஒருவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துக் காட்டினான். திரும்பி வந்து அண்ணாச்சி எதிரில் நின்றாள்.

"நீங்க பட்டாளத்துல இருந்தப்ப மூணு வருசம் ஒரு காயிதம் கெடையாது. இருக்கீயளா போயிட்டீயளான்னு தெரியாம, பூ வைக்கவா வேண்டாமான்னு தெரியாம, தெனமும் கண்ணாடி முன்னால நின்னேன். செத்துட்டாருன்னு யாராவது வந்து சொன்னாக்கூட அழுதுட்டுப் படுத்திருப்பேன். தெரியாம இருந்தது பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. இவிய வீட்டுலயும் ஒவ்வொருத்தி அப்படி நிப்பா. இருக்கவன இருக்கான்னு சொல்லுங்க, இல்லாதவன இல்லன்னு சொல்லுங்க. ஆளைக் கொண்டு சேக்க முடியாட்டா காயிதத்தையாவது சேருங்க. ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே. மொதல்ல எழுதுங்க, பொறவு கையெழுத்தப் போடுங்க. எம்பிள்ள அது வரைக்கும் இருக்கும்."

அண்ணாச்சி எழுந்து போய்ச் சாய்வுப் பலகையை எடுத்துவந்தார்.

பத்தொன்பது நாள் எழுதினார். காலையில் தொடங்கி வெளிச்சம் இருக்கும்வரை, வரிசையில் ஒவ்வொருவனாக அவர் முன்னால் வந்து நிற்பான், தளபதி அவன் பேச்சை அரைகுறை இங்கிலீஷாக்குவார், அண்ணாச்சி இங்கிலீஷில் எழுதி, அடியில் அவனையே அவன் எழுத்தில் நாலு வரி எழுதச் சொல்வார். ராமலச்சுமி காகிதம் அடுக்கினாள், நான் உறை ஒட்டினேன், முத்துப்பேச்சி மதினிக்குக் காலை நீவிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கடிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு என்னைவிட மோசமாகிவிட்டாள். பசு ஈன்றதா என்று ஒருவன் கேட்டிருந்தான். என் சைக்கிளைத் தம்பி ஓட்டட்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். உன்னிடம் அன்று பொய் சொன்னேன், காய்ச்சல் இல்லை என்று ஒருவன் எழுதியிருந்தான், அது எந்த நாள், என்ன பொய் என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் தவித்தோம். எல்லாக் கடிதத்திலும் இடது மூலையில் அனுப்புநர் விலாசம் ஒன்றுதான், பதினாலு, மேட்டுத்தெரு. முன்னூற்றுப் பதினோரு கடிதம் முடிந்தது.

தளபதி தன்னுடையதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசி நாள் அண்ணாச்சி புதுக் காகிதம் எடுத்து, அனுப்புநர் எழுதி முடித்து, பெறுநர் என்று நிறுத்தினார். தளபதி தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டார். தன் ஊர்மேல் என்ன விழுந்தது என்று யுத்தம் முடியும் முன்னாலேயே அவருக்குத் தெரியும். வீடு இல்லை, தெரு இல்லை, தெருவில் இருந்த யாரும் இல்லை.

"நீங்கள் எழுதியிருந்தீர்கள், வீட்டில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று" என்றார் தளபதி. "எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதியவருக்கு நிச்சயமாகத் தெரிந்ததைப் போல இருந்தது. அது யார் என்று கேட்கத்தான் நான் வந்தேன்."

அண்ணாச்சி பேனாவை மூடினார், திறந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. "அதைப் பழக்கத்துல எழுதல" என்றார். "மனுன்னா ஒரு மன்றாட்டு வேணும்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிடுவேன். அது பொய். எனக்கு வீட்டுக்குப் போகணும்னு இருந்தது. நீங்க சரணடைஞ்சாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும். இவ காத்திருப்பாளேன்னு நெனச்சுக்கிட்டு எழுதுனேன். விலாசமும் அதான், கை தானா எழுதல. பதில் வந்தா இங்க வரட்டும், நானும் இங்க இருக்கணும்னு எழுதுனேன்." இதை நான்தான் இங்கிலீஷில் தளபதிக்குச் சொன்னேன். எனக்கு அன்று இங்கிலீஷ் தங்குதடையில்லாமல் வந்தது.

தளபதி சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம். "அப்படியானால் அந்த வீட்டுக்கே எழுதுங்கள்" என்றார். பெறுநர் இடத்திலும் பதினாலு, மேட்டுத்தெரு. அவர் சொன்ன சங்கதி ஒன்றரை வரிதான் இருந்தது. மதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, வழக்கம்போல, "சாப்ட்டீயளா?" என்றாள். அவர் வழக்கம்போல, பிறகு என்று கையைக் காட்டினார்.

எல்லாக் கடிதத்தையும் தபாலாபீஸில் சேர்த்துவிட்டு நான் ஓடிவந்தபோது அண்ணாச்சி ஒப்புகைச் சீட்டு எழுதி முடித்திருந்தார். பெற்றுக்கொண்டேன் என்று ஒரு சொல். அதன் அடியில், வாழ்நாளில் முதல் தடவையாக, தன் பெயரை முழுசாகக் கையெழுத்திட்டார். அவருடைய பெயர் பெற்ற குண்டெழுத்து அன்று கோணிப்போனது. தளபதி சீட்டை வாங்கிப் படித்து, மடித்து, தொப்பியின் மடிப்பில் செருகி, வரிசையைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். முன்னூற்றுப் பன்னிரண்டு துப்பாக்கிகளும் தெருவில் இறங்கின.

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது. தெருவில் இருந்த எல்லாப் பானையிலும் மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, அடுப்பங்கரை தாண்டி நடைக்கு வந்தது; பால் திரிந்தது, ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் பூ சருகானது, என் கன்னத்தில் ஒன்றரை மாதத்துத் தாடி அரித்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷத்துப் பசியும் காய்ச்சலும் ஒன்றாக இறங்கியதில் வரிசையில் பையன்களின் தலை நரைத்தது, பல் விழுந்தது, முதுகு கூனியது. சில சட்டைகளுக்குள் ஆள் இல்லை. அந்தச் சட்டைகள் கொஞ்சநேரம் நின்றபடியே இருந்து, பிறகு மெதுவாக மடங்கிக் கோலத்தின்மேல் விழுந்தன. எண்பத்தாறு சட்டைகள். பக்கத்தில் நின்றவன் குனிந்து ஒவ்வொரு சட்டையையும் மடித்து வைத்தான். எண்பத்தேழாவதாக, தளபதி நின்ற பதினாலாம் நம்பர் படியில் ஒரு தொப்பி மட்டும் இருந்தது, மடிப்பில் செருகிய சீட்டோடு.

உள்ளே மதினி அலறினாள். முத்துப்பேச்சி மாவை மிதித்துக்கொண்டு ஓடினாள். உச்சிப்பொழுதுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

பொங்கின மாவு முழுவதையும் ராமலச்சுமி இட்லியாக ஊற்றினாள். தெருவில் எல்லா அடுப்பும் எரிந்தது. மிச்சமிருந்த இருநூற்று இருபத்தைந்து பேரும் அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், இலை போட்டோம், அழுதுகொண்டே தின்றார்கள், நாங்களும் அழுதுகொண்டே பரிமாறினோம். தொப்பிக்கு எதிரிலும் யாரோ ஒரு இலை போட்டு நாலு இட்லி வைத்திருந்தார்கள். துப்பாக்கி இல்லாத, பசித்த, நரைத்த மனிதர்களைக் கண்டதும் தாசில்தாருக்குத் தைரியம் வந்துவிட்டது. வழிதவறிய வெளிநாட்டுப் பயணிகள் என்று ஒரு படிவம் இருந்தது, அதில் எல்லோரையும் நிரப்பி, மறுநாள் ரயிலேற்றி, துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார். ரயில் நகர்ந்தபோது அண்ணாச்சி பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டி மறையும்வரை நின்று, ஒவ்வொரு பெட்டிக்கும் கைகூப்பினார். ஆள் போய்ச் சேராத எண்பத்தாறு வீட்டுக்கும் அவர் மறுபடி எழுதினார், இந்தத் தடவை அடியில் தன் கையெழுத்தோடு. வெகுகாலம் கழித்து ஒரு வீட்டிலிருந்து பதில் வந்தது, பிரித்தால் உள்ளே ஒரு சீப்பின் படம் வரைந்திருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது ரயில் போன மறுநாள் காலை நடந்ததை. நான் பதினாலாம் நம்பரில் பிள்ளையைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வந்து ஒரு உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அனுப்புனதும் இந்த வீடு, வாங்குறதும் இந்த வீடு, நடுவுல நான் எதுக்குய்யா வெயில்ல அலையுதேன்?" என்று கேட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். தொப்பி இன்னும் அங்கேதான் இருந்தது. மதினிக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, உறையை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் கையால் எழுதின கடிதம்தான், என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓரத்தைக் கிழித்து, விரித்து, முதல் எழுத்திலிருந்து வாசித்தார்.

"என்ன எழுதியிருக்காவ?" என்றாள் மதினி.

"வந்து சேந்துட்டாராம். கவலப்பட வேண்டாம்னு எழுதியிருக்காரு."

மதினி பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, படியிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"சாப்ட்டாராமா?" என்று கேட்டாள்.